மேன்ஸ் சாவி நம்முடையது அல்ல: டர்பன் பாப்டிஸ்ட் போதகர் குடும்பத்துக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மேன்ஸ் என்பது போதகர் குடியிருக்கச் சபை தரும் வீடு. அதன் சாவிக்கொத்தில் நான்கு சாவிகள் இருக்கும். முன்கதவு, பின்கதவு, இரும்பு கேட், சபை மண்டபம். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த்தில் என் தோழி ஒருத்தி, பாப்டிஸ்ட் போதகரின் மனைவி, அந்தக் கொத்தைப் பத்தொன்பது வருஷம் தன் கைப்பையில் வைத்திருந்தாள். கணவர் மாரடைப்பில் போன ஆறாவது வாரம் சபைக் காரியங்களைப் பார்க்கும் டீக்கன்மார் இரண்டு பேர் வந்தார்கள். ஜெபித்தார்கள், டீ குடித்தார்கள், அவளோடு சேர்ந்து அழவும் செய்தார்கள். கிளம்பும்போது வாசலில் நின்று, "அவசரம் ஒண்ணுமில்ல ஆன்ட்டி. ஆனா புதுப் பாஸ்டர் ஜூலையில வர்றார்" என்றார்கள். அவர்கள்மேல் குற்றம் சொல்ல மாட்டேன். வீடு சபையுடையது. அவள் பெயரில் அந்த ஊரில் ஒரு ஜன்னல்கூட இல்லை, அவ்வளவுதான்.

நானும் ஒரு போதகரின் மனைவி. வீட்டுக் கணக்கு நோட்டு முப்பத்தோரு வருஷமாக என் கையில்தான். ஊழியத்துக்குள் வரும் இளம் போதகர்களும், முக்கியமாக அவர்கள் மனைவிமாரும், முதல் மாதத்திலேயே தெரிந்துகொள்ள வேண்டியவற்றை வரிசையாக எழுதுகிறேன்.

ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் திருநெல்வேலிக்காரி. எங்கள் ஊர் சி.எஸ்.ஐ. சபையில் போதகரை ஐயர் என்போம். ஐயருக்குச் சம்பளம், இடமாற்றம், ஓய்வூதியம் எல்லாம் பிஷப்பின் கீழுள்ள டயோசிஸ் பார்த்துக்கொள்ளும். பாப்டிஸ்ட் முறையில் பிஷப் கிடையாது. அங்கத்தினர்கள் கூடி ஓட்டுப் போட்டுப் போதகரை அழைப்பார்கள். போகச் சொல்வதும் அதே ஓட்டுதான். 1877இல் தொடங்கிய தென்னாப்பிரிக்க பாப்டிஸ்ட் யூனியன் இருக்கிறது என்றாலும், மாதச் சம்பளம் வருவது அந்தந்தச் சபையின் காணிக்கைப் பையிலிருந்து. 1903இல் டர்பன் இருக்கும் நேட்டாலுக்கு வந்து கியர்ஸ்னி தேயிலைத் தோட்டத்து இந்தியர்களிடையே ஊழியம் செய்த ஜான் ரங்கையாவைக்கூட ஆந்திரத்துத் தெலுங்கு பாப்டிஸ்ட் சபைகள் தங்கள் காணிக்கையைச் சேர்த்துத்தான் அனுப்பின. மேலே தாங்கிப் பிடிக்க ஆள் இல்லாத இந்த அமைப்பை நான் நேசிக்கிறேன். ஆனால் இதில் குடும்பத்தின் எதிர்காலத்தைக் குடும்பமேதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

முதல் படி: அழைப்பை எழுத்தில் வாங்குங்கள்

"கர்த்தர் பார்த்துக்கொள்வார் பாஸ்டர், நாங்க உங்களைக் கைவிட மாட்டோம்" என்று மூப்பர் கையைப் பிடித்துச் சொல்வார். மனதாரத்தான் சொல்வார். ஆனால் ஐந்து வருஷம் கழித்து அந்த மூப்பர் இருக்க மாட்டார், பொருளாளரும் மாறியிருப்பார்.

இந்த நாட்டில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. போதகர் சட்டப்படி தொழிலாளியா இல்லையா என்பது இங்கே தீராத கேள்வி. 2015இல் தொழிலாளர் மேல்முறையீட்டு நீதிமன்றம், நீக்கப்பட்ட ஒரு போதகரின் வழக்கில், அவருக்கும் சபைக்கும் இடையே வேலை ஒப்பந்தம் இல்லை, அவர் தொழிலாளி அல்ல என்று தீர்ப்புச் சொன்னது. அழைப்பு என்ற சொல்லை மட்டும் நம்பி வந்தால், பிரச்சினை வரும் நாளில் தொழிலாளர் சட்டம் நம் பக்கம் நிற்காமல் போகலாம்.

ஆகவே கடிதத்தில் இவை இருக்க வேண்டும்: மாதச் சம்பளம் எவ்வளவு, எந்தத் தேதியில், மேன்ஸ் உண்டா, அதன் மின்சாரமும் தண்ணீரும் யார் கட்டுவது, பெட்ரோலுக்கு என்ன ஏற்பாடு, ஓய்வூதியத்துக்கும் மருத்துவத்துக்கும் சபையின் பங்கு, வாரத்தில் எந்த நாள் ஓய்வு, வருஷத்தில் எத்தனை நாள் விடுப்பு. தொழிலாளிக்குச் சட்டம் சொல்வது தொடர்ச்சியாக 21 நாள், அதற்குக் குறைவாக ஒத்துக்கொள்ளாதீர்கள். நோயில் விழுந்தால் எத்தனை மாதம் சம்பளம் ஓடும் என்பதும் வேண்டும். கடைசியாக, யாரும் வாய் திறக்கக் கூசும் வரி ஒன்று: போதகர் இறந்தால் குடும்பம் எத்தனை மாதம் மேன்ஸில் இருக்கலாம், அந்த மாதங்களுக்குச் சம்பளம் உண்டா. ஆறு மாதம் கேளுங்கள். என் தோழியின் கணவர் கடிதத்தில் இந்த ஒரு வரி இருந்திருந்தால், அந்த டீக்கன்மார் அன்று அப்படி வந்து நிற்கவேண்டியே இருந்திருக்காது.

சம்பள உயர்வு வருடாந்தரச் சபைக் கூட்டத்தில் எல்லார் முன்பும் பேசப்படும். நானும் அங்கத்தினர் என்பதால் முதல் வருஷம் உள்ளேயே உட்கார்ந்திருந்தேன். ஒரு அக்கா எழுந்து, "பாஸ்டரம்மா புதுச் சேலை கட்டியிருக்காங்களே, இப்ப உயர்வு அவசியமா?" என்றார். அந்தச் சேலை என் அம்மா பாளையங்கோட்டையிலிருந்து அனுப்பியது. அந்த வருஷத்திலிருந்து, சம்பளப் பேச்சு வரும்போது நாங்கள் இருவரும் வெளியே போய்விடுவோம். சபையில் மூன்று பேரை முன்கூட்டியே நியமித்து, விலைவாசியைப் பார்த்து ஒரு தொகையைச் சொல்லச் சொல்வதே நல்ல வழி. அந்த மூவரில் ஒருவராவது வீட்டு மளிகை வாங்கும் பெண்ணாக இருக்கட்டும்.

இரண்டாம் படி: சார்ஸ் கணக்கை முதல் மாதமே நேராக்குங்கள்

சபைக்கு வருமான வரி விலக்கு இருக்கலாம். போதகருக்கு இல்லை. சம்பளம் கொடுக்கும் சபை வரி அலுவலகமான சார்ஸில் முதலாளியாகப் பதிந்து, மாதாமாதம் வரி பிடித்து, வருஷ முடிவில் சம்பளத்தையும் பிடித்த வரியையும் காட்டும் ஐஆர்பி5 சான்றிதழ் தர வேண்டும். வரி ஆண்டு மார்ச் 1 முதல் பிப்ரவரி கடைசி வரை. 2025 மார்ச்சில் தொடங்கிய ஆண்டில், 65 வயதுக்குக் கீழுள்ளவருக்கு வருஷ வருமானம் 95,750 ராண்ட் வரை வரி இருக்கவில்லை.

பலர் சறுக்குவது மேன்ஸில். இலவச வீடும் சம்பளத்தின் பகுதிதான் என்பது சட்டம். குறைந்தது நான்கு அறை உள்ள, சாமான் போடாத வீட்டுக்குக் கணக்கு இப்படி வரும்: போன வருஷச் சம்பளத்திலிருந்து அந்த ஆண்டின் வரியில்லாத எல்லையை, மேலே சொன்ன ஆண்டுக்கு 95,750ஐ, கழித்து, மீதியில் 17 சதவீதம். மாதம் 15,000 வாங்கியிருந்தால் வருஷத்துக்கு 1,80,000. கழித்த மீதி 84,250. அதில் 17 சதவீதம் 14,322 ராண்ட். இந்தத் தொகை வருமானத்தோடு சேரும். 18 சதவீத வரிப் படியில் இருப்பவருக்கு இதனால் மாதம் சுமார் 215 ராண்ட் கூடுதல் வரி. சபை மின்சாரமும் கட்டினால் 17 என்பது 18 ஆகும். மேசை நாற்காலியும் சபையுடையது என்றால் 19. தொகை சிறிதுதான். ஆனால் பல வருஷம் காட்டாமல் விட்டு, பிறகு வட்டியும் அபராதமுமாக வந்து நின்றால் போதகரின் பெயரும் சேர்ந்து கெடும்.

கல்யாணத்துக்கும் அடக்க ஆராதனைக்கும் கையில் வைக்கும் கவர் இன்னொன்று. செய்த ஊழியத்துக்காக வருவது வருமானம். நாற்பது பக்கப் பள்ளி நோட்டு ஒன்று வாங்கி வைத்தேன். தேதி, எந்தக் குடும்பம், என்ன காரியம், எவ்வளவு, இப்படி நான்கு கட்டம். கவரைப் பிரித்த அன்றே எழுதிவிடுவேன். வசதியில்லாத வீட்டில் கவர் வாங்கவே கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். அங்கே கட்டத்தில் ஒரு கோடு.

காருக்கும் ஒரு நோட்டு வேண்டும். மார்ச் 1 அன்று ஓடோமீட்டர் எண்ணைக் குறியுங்கள். அப்புறம் ஒவ்வொரு ஊழியப் பயணத்துக்கும் எங்கிருந்து எங்கே, எதற்கு, எத்தனை கிலோமீட்டர் என்று எழுதுங்கள். சாட்ஸ்வொர்த்திலிருந்து ஃபீனிக்ஸ் போய் நோயாளியைப் பார்ப்பது கணக்கில் வரும். வீட்டிலிருந்து சபை அலுவலகம் போவது வராது. சபை கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று கொடுத்தால், ஒரு எல்லை வரை வரி இல்லாமல் பெறலாம். 2025-26 வரி ஆண்டில் அந்த எல்லை 4.76 ராண்டாக இருந்தது. இந்த நோட்டு இல்லாமல் சார்ஸ் எதையும் ஒத்துக்கொள்ளாது.

"தசமபாகம் கொடுத்தா வரி குறையுமா பாஸ்டர்?" என்று விசுவாசிகள் கேட்பார்கள். குறையாது. வரிக் கழிவு தரும் 18ஏ ரசீதுக்கு மத ஊழியம் மட்டும் தகுதி பெறாது. சபை தனியாக நடத்தும் ஏழை நிவாரணம் போன்றவற்றுக்கு முறையான அனுமதி வாங்கினால்தான் அந்த ரசீது எழுதலாம். தெரியாமல் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள்.

மூன்றாம் படி: வாரத்தை உடைத்துப் போடுங்கள்

எங்கள் வீட்டில் திங்கள்தான் ஓய்வுநாள். ஞாயிறு இரண்டு ஆராதனை, நடுவில் ஆலோசனை, மாலையில் வாலிபர் கூட்டம் என்று முடியும்போது மனுஷர் பிழிந்த துணி மாதிரி இருப்பார். செவ்வாய் படிப்பு, புதன் வீட்டு ஜெபம், வியாழன் வீடு சந்திப்பும் ஆஸ்பத்திரியும், வெள்ளி உபவாச ஜெபம். சனிக்கிழமையை நம்ப முடியாது, அன்றுதான் கல்யாணமும் அடக்கமும் வரும். அதனால் பிரசங்கம் வெள்ளி மதியத்துக்குள் முடிந்திருக்க வேண்டும்.

ராத்திரி அழைப்பு வந்தால் போகத்தான் வேண்டும். ஆனால் தனியே போகக் கூடாது. ஒரு டீக்கன் கூட வரட்டும், போகும் வீட்டார் கேட்டைத் திறந்து வைத்துக் காத்திருக்கட்டும். நம் ஊர் நிலைமை நமக்குத் தெரியும்.

நான்காம் படி: உடம்பு

இதில் நான் கொஞ்சம் நின்றுதான் பேச வேண்டும். போதகர்களை நோயாளியாக்குவதில் பெரிய பங்கு நம் அன்புக்குத்தான்.

ஒரு வியாழக்கிழமை வீட்டுக்காரரோடு நானும் போய் எண்ணினேன். ஏழு வீடு, ஏழு கப் டீ, கப்புக்கு இரண்டு ஸ்பூன் சீனி. அது மட்டுமே ஏறக்குறைய 60 கிராம். பெரியவர் ஒருவருக்கு நாள் முழுவதற்கும் 50 கிராமைத் தாண்ட வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. டீயோடு சமோசா, பண்டிகைக் காலமானால் பலகாரம். சனிக்கிழமை கல்யாணப் பிரியாணி, அதன்மேல் பருப்பு. நம் இந்திய வம்சத்தாருக்குச் சர்க்கரை எளிதில் வரும். இவர் நாற்பத்து நான்கு வயதில் மாட்டினார்.

வேண்டாம் என்றால் மனம் நோவார்கள். அதனால் பிரசங்க மேடையிலேயே ஒருநாள் சொல்லிவிட்டார்: "எனக்குச் சுகர் இருக்கு. என்மேல பிரியம் இருந்தா தண்ணி குடுங்க." அதற்கப்புறம் எல்லா வீட்டிலும் தண்ணீர்தான். சில பாட்டிமார் கூடவே ஒரு துண்டு கொய்யாப்பழம் வைப்பார்கள்.

சர்க்கரை உள்ளவர் எச்பிஏ1சி என்ற பரிசோதனையைத் தவறவிடக் கூடாது. கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியை அது காட்டிக்கொடுக்கும், முந்தின நாள் மட்டும் பட்டினி கிடந்து ஏமாற்ற முடியாது. வருஷத்துக்கு ஒருமுறை கண், சிறுநீரகம், பாதம் மூன்றையும் பார்த்தாக வேண்டும்.

பாதம் என்றதும் பாப்டிஸ்ட் போதகருக்கே உரிய ஒரு ஆபத்து நினைவுக்கு வருகிறது. முழுக்கு ஞானஸ்நானம் நம் அடையாளம். இங்கே குளிர்காலமான ஜூலையில், குளிர்ந்த தண்ணீரில், வெறுங்காலோடு, தொட்டிக்குள் அரை மணி நேரம் நிற்கிறார்கள். ஒருமுறை இவர் வெளியே வந்தபோது படியில் ரத்தத் தடம். உடைந்த டைல் கட்டைவிரலுக்கு அடியில் கிழித்திருந்தது. நான் சொல்லும்வரை அவருக்குத் தெரியவில்லை. சர்க்கரை கால் நரம்பின் உணர்வைத் தின்றிருந்தது. அந்தக் காயம் ஆற ஒன்பது வாரம் ஆயிற்று. அன்றிலிருந்து ரப்பர் ஷூ போடாமல் தொட்டியில் இறங்குவதில்லை. ஏறியதும் விரலிடுக்கு வரை துடைத்து, கீழே கண்ணாடி பிடித்து உள்ளங்காலைப் பார்ப்பேன்.

தொட்டிக்கு அருகே மின்சார மைக் கூடவே கூடாது. 2005 அக்டோபரில் டெக்சாஸின் வேக்கோ நகரில் பாப்டிஸ்ட் போதகர் ஒருவர் தொட்டித் தண்ணீரில் நின்றபடி மைக்கைச் சரிசெய்யத் தொட்டார். மின்சாரம் பாய்ந்து சபையார் கண்ணெதிரே இறந்தார். 33 வயது. தண்ணீரில் நிற்பவர் சத்தமாகப் பேசினாலே போதும், மண்டபம் கேட்கும்.

குரலுக்கு: ஞாயிறு காலை தண்ணீர், தொண்டையைச் செருமாமல் விழுங்குதல், கம்மியிருக்கும்போது கிசுகிசுப்பாகப் பேசாமல் மௌனமாக இருத்தல். மூன்று நான்கு வாரம் தொண்டைக் கம்மல் விடாவிட்டால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போக வேண்டும்.

மனம் சோர்வது ஊழியக்காரருக்கு வெட்கம் இல்லை. லண்டனில் ஆயிரக்கணக்கானோர் கூடிக் கேட்ட பாப்டிஸ்ட் பிரசங்கி ஸ்பர்ஜன், தன்னைப் பிடித்திருந்த மனச்சோர்வைப் பற்றி வெளிப்படையாகவே பேசினார். கீல்வாதமும் சிறுநீரக நோயும் சேர்ந்து வாட்ட, 1892 ஜனவரியில் 57 வயதில் பிரான்ஸின் மென்டோனில் இறந்தார். உங்கள் வீட்டில் போதகர் தூங்காமல், சாப்பிடாமல், திங்களன்று கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தால், ஜெபியுங்கள், டாக்டரிடமும் கூட்டிப்போங்கள். சபையைச் சேராத ஒருவரிடம் பேச ஏற்பாடு செய்யுங்கள். சபைக்குள் சொன்னால் ஜெபக் குறிப்பாகி ஊர் சுற்றும்.

ஐந்தாம் படி: மருத்துவச் செலவு

மாதச் சந்தா வாங்கிக்கொண்டு மருத்துவச் செலவைக் கட்டும் திட்டத்தை இங்கே மெடிக்கல் எய்ட் என்பார்கள். முடிந்தால் 35 வயதுக்குள் ஒன்றில் சேருங்கள். அதற்கப்புறம் சேர்ந்தால் தாமதக் கட்டணம் உண்டு. 35க்குப் பின் காப்பு இல்லாத வருஷங்கள் 5 முதல் 14 என்றால் சந்தாவில் 25 சதவீதம் வரை கூடுதல். 15 முதல் 24 என்றால் 50 சதவீதம் வரை. இது ஒருமுறை கட்டி முடிவதல்ல, தொடர்ந்து வரும். ஏற்கெனவே உள்ள நோய்க்குப் பன்னிரண்டு மாதம் வரை காத்திருக்கச் சொல்லலாம். அந்தக் காத்திருப்பு முடிந்தபின் சர்க்கரை, ரத்த அழுத்தம், ஆஸ்துமா போன்றவற்றின் அடிப்படை வைத்தியத்தை எந்த மெடிக்கல் எய்டும் மறுக்க முடியாது.

தெருமுனையில் விற்கும் மருத்துவமனைப் பணக் காப்பீடு வேறு. ஆஸ்பத்திரியில் படுத்தால் நாளுக்கு இவ்வளவு என்று கையில் தரும், ஆஸ்பத்திரிப் பில்லைக் கட்டாது. நாங்களே நான்கு வருஷம் இரண்டும் ஒன்று என்று நினைத்துச் சந்தா கட்டினோம். பாலிசித் தாளில் "மெடிக்கல் ஸ்கீம் அல்ல" என்று சின்ன எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.

சந்தா கட்ட வழியில்லை என்றால் அரசு கிளினிக் இருக்கிறது. மருத்துவம் இலவசம். நோய் கட்டுக்குள் இருப்பவர்கள் நாள்பட்ட மருந்தை வீட்டுப் பக்கத்து மருந்துக் கடையிலேயே வாங்கும் திட்டமும் உண்டு. கிளினிக் நர்ஸிடம் கேட்டுப் பதிந்துகொண்டால் மாதாமாதம் விடியற்காலை வரிசை மிச்சம்.

ஆறாம் படி: மாதப் பணமும் சொந்தக் கூரையும்

சம்பளம் வந்த அன்றே நான் மூன்று கவரில் பிரிப்பேன். காணிக்கை முதலில். இரண்டாவது கவர் ஓய்வுக்காலத்துக்கு, சம்பளத்தில் பத்தில் ஒன்று. மளிகை, பள்ளிக் கட்டணம், பெட்ரோல், ஊருக்குப் பேசும் போன் எல்லாம் மூன்றாவது கவரிலிருந்து. இரண்டாவது கவரை மாதக் கடைசியில் மிஞ்சினால் போடலாம் என்று வைத்தால் ஒருநாளும் மிஞ்சாது.

சபையில் ஓய்வூதிய நிதி இல்லாவிட்டால் தனியாக ரிடையர்மென்ட் ஆனுவிட்டி என்ற ஓய்வுக்காலச் சேமிப்புத் திட்டம் தொடங்கலாம். வருமானத்தில் 27.5 சதவீதம் வரை போடுவதற்கு வரிக் கழிவு உண்டு. 18 சதவீதப் படியில் இருப்பவர் 1,000 போட்டால் 180 திரும்பும். 2024 செப்டம்பர் 1 முதல் இரண்டு பானை முறை வந்திருக்கிறது. போடுவதில் மூன்றில் ஒரு பங்கு சேமிப்புப் பானைக்கும், இரண்டு பங்கு ஓய்வுப் பானைக்கும் போகும். சேமிப்புப் பானையிலிருந்து வருஷத்துக்கு ஒருமுறை, குறைந்தது 2,000 ராண்ட், எடுக்கலாம். எடுப்பதற்கு வரி உண்டு. கிறிஸ்துமஸ் செலவுக்கு அதைத் தொடாதீர்கள். அது கஷ்டகாலத்து அரிசிப் பானை.

வீடு வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வேன். மேன்ஸில் இருக்கும் காலத்தில் வாடகை இல்லை. அந்த வாடகையை மனதுக்குள் கட்டுங்கள். பக்கத்து வீட்டு வாடகை என்னவோ அதில் பாதியையாவது மாதாமாதம் ஒதுக்கி வையுங்கள். நாங்கள் பதினொரு வருஷம் ஒதுக்கி, டர்பனுக்கு வடக்கே டொங்காட்டில் இரண்டு படுக்கையறை வீட்டுக்கு முன்பணம் கட்டினோம். அதில் குடியேறவில்லை, வாடகைக்கு விட்டோம். வாடகை கடனைக் கட்டியது. சபையில் சிலர் முகம் சுளித்தார்கள், போதகருக்கு எதற்குச் சொத்து என்று. சபைக் கூட்டத்தில் இவர் ஒன்றும் மறைக்காமல் கணக்கை எடுத்துச் சொன்னார். அதோடு பேச்சு நின்றது. சபை மேன்ஸுக்குப் பதிலாக வீட்டு வாடகைப் படி தர முன்வந்தால் ஏற்றுக்கொள்ளுங்கள்.

அறுபது வயதில் வருமானமும் சொத்தும் குறைவாக இருந்தால் அரசின் சமூக உதவி அமைப்பான சாசா தரும் முதியோர் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். 2025இல் அது மாதம் 2,300 ராண்டைச் சற்றே தாண்டியது. அதை மட்டும் நம்பி ஒரு வீடு நடக்காது.

ஏழாம் படி: சபைப் பணத்தைத் தொடாதீர்கள்

காணிக்கையைப் போதகர் எண்ணக் கூடாது, வங்கிக் கணக்கில் கையெழுத்தும் போடக் கூடாது. உறவில்லாத இருவர் எண்ணட்டும், இருவர் கையெழுத்திடட்டும். வீட்டில் அரிசி தீர்ந்தாலும் சபைப் பெட்டியிலிருந்து கைமாற்று வேண்டாம்.

சிறிய சபை முழுச் சம்பளம் தர முடியாவிட்டால் வெளியே வேலை செய்வதில் குறைவில்லை. பவுல் கொரிந்துவில் கூடாரம் தைத்தார். செருப்புத் தைத்துக்கொண்டிருந்த வில்லியம் கேரி, வங்காளத்துக்கு வந்த பின்னும் அவுரித் தொழிற்சாலை நடத்தித்தான் குடும்பத்தைக் காப்பாற்றினார். ஆனால் வெளி வேலை எத்தனை மணி நேரம், சபைக்கு எந்த நாட்கள் என்பதும் அழைப்புக் கடிதத்தில் ஏறட்டும். பாதிச் சம்பளத்துக்கு முழு வாரத்தையும் எதிர்பார்ப்பது வழக்கம்.

எட்டாம் படி: ஃபைல்

ஒரு நீல ஃபைல் வாங்குங்கள். அழைப்புக் கடிதம், ஐஆர்பி5 தாள்கள், ஆனுவிட்டிப் பத்திரம், அடக்கக் காப்பீடு, மெடிக்கல் எய்ட் அட்டை நகல், வீட்டுக் கடன் தாள் எல்லாம் அதில். எந்தப் பாலிசியில் யார் பெயர் வாரிசு என்று பாருங்கள். கல்யாணத்துக்கு முன் எடுத்த பாலிசியில் இறந்துபோன மாமியார் பெயரே இன்னும் இருக்கும்.

உயில் கட்டாயம். சாட்சிகள் இருவர், கையெழுத்து அவர்கள் முன்னிலையில். சாட்சிக்கோ அவர் கணவன் மனைவிக்கோ உயிலில் பங்கு இருக்கக் கூடாது, இருந்தால் அந்தப் பங்கு போய்விடலாம். விசுவாசிகளும் போதகரைச் சாட்சியாகக் கூப்பிடுவார்கள். உங்களுக்கு ஏதாவது எழுதியிருப்பார்களோ என்ற சந்தேகம் இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள்.

ஃபைல் எங்கே இருக்கிறது என்று மனைவிக்கும், விவரம் தெரிந்த பிள்ளை ஒன்றுக்கும் சொல்லுங்கள். வருஷத்துக்கு ஒருமுறை, மார்ச் 1 அன்று ஓடோமீட்டரைக் குறிக்கும் கையோடு, இருவரும் சேர்ந்து உட்கார்ந்து அதைத் திறந்து பாருங்கள்.